புளித்த வாசம் வரும்வரை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தும் சின்னராசா மலைவேலைக்குப் போனதில்லை. மீசை முளைக்கும் முன்பே பதுளை டவுனில் பலீல் முதலாளியின் பேக்கரியில் சேர்ந்தவன். ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றினால் நுரைக்கும், மா எழும்பும், பாண் ரொட்டி வேகும்; அவன் படித்தது அவ்வளவுதான். கோதுமை மா கிடைக்காமல் போன வருஷம் பலீல் போறணை அடுப்பை அணைத்தார். பிறகு அதைப் பற்றவைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த வேலையும் அவனுக்கு நிலைக்கவில்லை. மகளை அவனிடம் விட்டுவிட்டு மனைவி மதுஷா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானது. அந்த நேரத்தில்தான் பண்டாரவளை விடுதியொன்றில், ஈஸ்ட் போடாமல் தானாகப் புளித்த மாவில் பாண் போட ஆள் தேடினார்கள்.

"இது மட்டும் சரிவந்தா நீ போக வேணாம் புள்ள," என்றான்.

"சரிவரட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏஜென்சிக்காரன்கிட்ட சாக்குச் சொல்றேன்," என்றாள்.

"அந்த மா பதமாயிருச்சான்னு எப்படிப் பாக்குறது?"

"தோசை மாதானே. புளிச்ச வாசம் மூக்கைத் தூக்கணும். அதுக்கு முந்தித் தொட்டா ஒண்ணும் வராது."

விடுதியை நடத்தும் ஷிப்னா கண்ணாடிப் போத்தலைக் காட்டினார். அதிலிருந்த பழைய புளித்த மாவோடு விடியற்காலையில் அவரே புது மாவும் தண்ணீரும் கலந்து வைத்திருந்தார். "இது ரெடியானதும் பிசைஞ்சு போடுங்க அண்ணே. நான் டவுனுக்குப் போயிட்டு வாறேன். பதம் தெரியும்தானே?"

"பாதி வயசு பேக்கரியிலதாங்க மிஸ் போச்சு."

கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவனாகிவிடுவோமே என்று வாயை மூடிக்கொண்டான்.

வெயில் ஏற ஏற மாவும் ஏறியது. போத்தலின் கழுத்தைத் தொட்டு, குமிழ் குமிழாய், மேடு கட்டி நின்றது. சின்னராசா முகர்ந்து பார்த்தான். பழுத்த வாழைப்பழ வாசம், புளிப்பே இல்லை. இன்னும் ஆகவில்லை என்று மூடி வைத்தான். மத்தியானம் கழிந்து திறந்தபோது வாசம் மூக்கைத் துளைத்தது. மேடு அமுங்கியிருந்தது. சந்தோஷமாக அதைப் பாண் மாவோடு சேர்த்துப் பிசைந்தான்.

பிசைந்த மா கையில் நிற்கவில்லை. கூழாகி ஓடியது. போறணையிலிருந்து எடுத்தபோது தட்டையாக, அடை மாதிரிக் கிடந்தது.

ஷிப்னா திரும்பி வந்து அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியில் மேலே வரைக்கும் மாவின் தடம் காய்ந்திருந்தது.

"இவ்வளவு தூரம் ஏறி எறங்கியிருக்கு. உச்சியில நிக்கக்குள்ள எடுத்திருக்கணும் அண்ணே." போத்தலில் மிச்சமிருந்த மாவில் ஒரு கரண்டி அள்ளித் தண்ணீர்க் கோப்பையில் விட்டார். நேரே அடியில் போய் உட்கார்ந்தது. "பதமா இருந்தா மிதக்கும்."

"நாளைக்கு இன்னொருக்கா போட்டுப் பாக்கவா மிஸ்?"

"நாளைக்கு கொழும்புல இருந்து பாண் போட வேற ஆள் வருது. மனசுல வச்சிக்காதீங்க."

லயத்துக் காம்பரா வாசலிலேயே மதுஷா அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"புளிக்க விட்டீங்கதானே? நான் சொன்ன மாதிரி?"

சின்னராசா செருப்பைக் கழற்றினான். கழற்ற நேரம் எடுத்தான்.

"அதெல்லாம் நீ சொன்னபடிதான். போறணையிலதான் சூடு பத்தல."

அவள் தலையாட்டினாள். ஏஜென்சிக்காரனுக்கு போன் போட்டு, வருவதாகச் சொல்லி வைத்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, கூந்தலை மூன்றாகப் பிரித்தாள்.

"இங்க வாங்க. பின்னப் பழகிக்கங்க. ஸ்கூலுக்கு விரிச்சுப்போட்டு அனுப்பாதீங்க."

அவன் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். விரல் இடுக்கில் அந்தக் கூழ் மா இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. முதல் பின்னல் நிற்கவில்லை, அவிழ்ந்தது.

"திரும்பப் பிடிங்க," என்றாள் மதுஷா.