வலைக் கிடங்குக்கு ஸ்பிரிங்க்ளர் மாட்டிய கதை

நாங்கள் மாட்டிவிட்டு வரும் பொருள் ஒருநாளும் வேலை செய்யும்படி ஆகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மாட்டுகிற தொழில் எங்களுடையது. கட்டடங்களின் கூரையில் குழாய் ஓட்டி, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களைப் பொருத்துகிறேன், இருபத்திரண்டு வருடமாக. ஏதோ ஒரு சான்றிதழுக்காக ஏதோ ஓர் அலுவலகப் படியில் காத்து நின்றிருக்கும் எல்லோருக்கும் என் பாடு புரியும். ராயபுரத்தில் ஒரே கட்டடத்தில் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கீழே எதற்கு?

ஜெயசீலன் மீன்பிடி வலையும் கயிறும் விற்பவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். தரைக்குக் கீழே கிடங்கு, தரையில் கடை, மாடியில் சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் என்று கட்டியிருந்தார். விதிப்படி அந்தக் கட்டடத்தில் கிடங்குக்கு மட்டும்தான் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். மாடி அவ்வளவு உயரமில்லை, சுற்றிலும் சன்னல், இறங்க இரண்டு படிக்கட்டு; தீயணைப்பு உருளைகளும் தண்ணீர்க் குழாய்ச் சுருளும் அங்கே போதும். கிடங்கு அப்படியல்ல. புகை வெளியேற வழியில்லை, உள்ளே போகிறவனுக்குக் கண் தெரியாது, கிடப்பதெல்லாம் நைலான். இதைப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேல முந்நூறு பேரு துன்னப் போறான், அவனுக்கு ஒண்ணும் இல்ல. கீழ வலை தூங்கிகினு கீது, அதுக்கு ஷவரா?"

நனைந்துவிடுமே

அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் தேசம்மாளின் மகளுடையது. தேசம்மாள் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர், மீன் விற்பவர். ஜெயசீலனின் வாக்கை நம்பிப் பத்திரிகை அடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தும் முடித்துவிட்டார். தீயணைப்புத் துறையின் சான்று வராமல் மண்டபத்தைத் திறக்க முடியாது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று முதல் காசிமேட்டில் மீன் எடுத்த கையோடு தினமும் வந்து, நான் எத்தனை குழாய் மாட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவார்.

ஜெயசீலனுக்கு வேறு கவலை. ஒரு இடத்தில் சூடேறினால் எல்லா ஸ்பிரிங்க்ளரும் சேர்ந்து கொட்டி சரக்கு முழுக்க நனைந்துவிடுமாம். அப்படி இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது, எது சூடாகிறதோ அது மட்டும்தான் உடையும் என்றேன். நம்பவில்லை. பாதியைக் கழற்றிவிட்டால் பாதிதானே நனையும் என்று பேரம் பேசினார். தேசம்மாள் கூடையை இறக்கி வைத்தார்.

"கடல்ல போட்ற வலைக்கு தண்ணி பட்டா இன்னா ஜுரமா வந்துரும்?"

முறைக்கிற கண்

பேரம் அதோடு முடிந்தது. வேலையும் முடிந்தது. ஆய்வுக்கு இரண்டு நாள் இருந்தபோது கிடங்குக்குள் போனேன். கூரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. என் ஸ்பிரிங்க்ளர்களும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த பெயிண்டர் பாபு ஒன்று விடாமல் இரண்டு கோட் அடித்திருந்தார். பெயிண்ட் பட்ட ஸ்பிரிங்க்ளருக்குச் சூடு சரியாக ஏறாது. துடைத்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பதினெட்டையும் கழற்றிப் புதிதாக மாட்டினேன். பாபு கடைசி வரை கூடவே இருந்து ஏணி பிடித்தார். கோபப்படவும் முடியவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"செவப்பு கண்ண வெச்சிகினு மேலருந்து முறைச்சிகினே இருந்துச்சி சார். நல்ல காரியம் நடக்கற எடம், அதான் மூடி வுட்டேன்."

ஒரு முழம்

வியாழக்கிழமை ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதிகாரி முதலில் கிடங்கைத்தான் எட்டிப் பார்த்தார். கிடங்கு வேலைக்காக மண்டபத்தில் போட்டு வைத்திருந்த வலைக்கட்டுகளையெல்லாம், கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று முந்தின நாள்தான் ஜெயசீலன் கீழே இறக்கியிருந்தார். அடுக்கு கூரையை முட்டிக்கொண்டு நின்றது. ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே ஒன்றரை அடி காலியாக இருந்தால்தான் தண்ணீர் விரிந்து விழும். அதிகாரி குரலை உயர்த்தவில்லை. தண்ணீர்த் தொட்டி, பம்ப், மாடி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கீழே வருவதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் மறுப்பு எழுதிவிட்டுப் போய்விடுவதாகவும் சொல்லி மேலே ஏறினார். ஜெயசீலன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தைக் கழுவிவிட அன்று தேசம்மாள் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார். எல்லோரும் மீன்கூடை சுமக்கிறவர்கள். எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஒன்றரை அடி என்றேன், முகம் தெளியவில்லை. ஒரு முழம் என்றதும் புடவையை இழுத்துச் செருகினார். பெண்கள் சும்மாடு கட்டி, கட்டு கட்டாகத் தலையில் ஏற்றித் தெருவில் நின்ற குட்டியானைச் சரக்கு வண்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். தேசம்மாள் அடுக்கின் மேலே ஏறி, ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளருக்கும் கீழே முழங்கையை ஊன்றி விரலை நீட்டி அளந்துகொண்டே நகர்ந்தார். விரல் நுனி குமிழைத் தொடவே கூடாது என்று நான் கீழிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி இறங்கி வந்து டேப்பை நீட்டி ஆறு இடத்தில் அளந்தார். நாளைக்கு அலுவலகம் வந்து சான்றை வாங்கிக்கொள்ளும்படி ஜெயசீலனிடம் சொன்னார். பிறகு தேசம்மாளைப் பார்த்தார்.

"பூக்காரம்மா யாரும் எனக்கு இவ்ளோ நேர்மையா முழம் போட்டதில்லம்மா."

பந்திக்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். மாடியில் கூட்டம், நாதஸ்வரம், வஞ்சிரம் வறுவல் வாசனை. என்னைப் பார்த்ததும் தேசம்மாள் பந்தியில் உட்கார விடவில்லை. சம்பந்தி வீட்டார் நாலைந்து பேரையும் என்னையும் சேர்த்துக் கிடங்குக்கு அழைத்துப்போனார். பட்டு வேட்டிகள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. இதெல்லாம் இன்னாத்துக்கு என்று சம்பந்தி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மாள் முந்திக்கொண்டார்.

"உம் புள்ள இல்லாம கூட கல்யாணத்த நடத்திக்கலாம், இந்தக் கொயா இல்லாம நடத்த முடியாதுன்ட்டாங்கோ நைனா."

சம்பந்தி வீட்டாரைக் கூட்டிப்போய்க் காட்டும் அளவுக்கு என் குழாய்களுக்கு மரியாதை கிடைத்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் என்பதால் யாரும் அதிக நேரம் பார்க்கவில்லை.