கேப்டன் பிடித்த கயிறு

அந்தப் பெட்டியை முதலில் திறந்தது என் சமையலறைத் தரையில்தான். மூடியில் நீலக் கடலைக் கிழித்துக்கொண்டு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வருவதுபோல் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், சட்டத்தோடு ஒட்டியபடியே, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும்படி இருந்தன. விரல் பருமனில் ஒரு மோட்டார், மெல்லிய பித்தளைத் தண்டு, நகத்தளவு விசிறி. எல்லாவற்றையும் பொருத்தினால் ஒரு முழ நீளம் வரும். செய்முறைத் தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து. மடியிலிருந்த என் எட்டு மாதக் குழந்தை குனிந்து அந்தத் தாளை வாயில் வைக்கப் பார்த்தது. வாசலில் நின்ற கேப்டன் சிரித்தார். "ஏளா பி.எஸ்ஸி, ஒம் மவ வாசிக்க ஆரம்பிச்சுட்டா. நீயும் வாசிச்சு இவனுக்குச் சொல்லு." இவன் என்று அவர் காட்டியது என் கணவரை.

கேப்டன் எங்களுக்குச் சொந்தமில்லை. கப்பலில் இருந்து இறங்கிய பிறகு பழைய துறைமுகத்துப் பக்கம் மோட்டார் படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். என் கணவர் அங்கே மெக்கானிக். பட்டறைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில்தான் குடியிருந்தோம், அதுவும் கேப்டனுடையது. புதுத் துறைமுகத்துக்குப் பாறை ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய்வந்த காலம். சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் கேப்டனுக்கு நீர்மூழ்கிப் பொம்மைப் பெட்டி ஒன்று வந்துவிடும். அந்தப் பொம்மைகள் பேட்டரியில் தானாக ஓடும், முன்பே திருப்பி வைத்த வால்துடுப்பு காட்டுகிற வழியில் போகும். கேப்டனுக்கு அது போதவில்லை. கரையில் நின்றபடி முங்கு என்றால் முங்க வேண்டும், எழும்பு என்றால் எழும்ப வேண்டும். அதற்காக ஆகாய விமானப் பொம்மைக்கு வைக்கிற ரேடியோ கருவி ஒன்றையும் வரவழைத்திருந்தார். கையில் பிடிக்க நீண்ட கம்பி வைத்த பெட்டி ஒன்று, பொம்மைக்குள் வைக்கச் சின்னப் பெட்டி ஒன்று. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் வைத்திருந்தால் போலீஸ் வருமே என்று எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அதைச் சொன்னதற்கும் கேப்டன் சிரித்தார்.

வேலை எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்துவிட்டுச் சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்கு மறுபடியும் ஒரு கணக்கு கிடைத்தது. சின்னப் பெட்டியில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் போச்சு. அதனால் அதையும் பேட்டரியையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, விளிம்பைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தேன். துடுப்பை அசைக்கிற கம்பி டப்பாவைத் துளைத்து வெளியே வரவேண்டும், தண்ணீர் மட்டும் உள்ளே போகக்கூடாது. அதற்கு ஒரு வழியும் தெரியாமல் நான்கு நாள் திண்டாடினோம். கடைசியில் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற குழாயின் ரப்பர் குமிழை நுனியில் வெட்டி, கம்பிக்கு உறை மாதிரி மாட்டி, இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டினேன். கம்பி அசைய ரப்பரும் கூடவே அசைந்தது, தண்ணீர் போகவில்லை. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏளா, நீ பட்டறைக்கு வா. நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

துவைக்கிற தொட்டியில் விட்டோம். முங்கியது, எழும்பியது. கேப்டன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு கொற்கைப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனார். அங்கேயும் ஆள் உயரத் தண்ணீருக்குள் போய், சொன்ன இடத்தில் மூக்கை நீட்டியது. வரப்பில் நின்ற விவசாயி ஒருவர் அதைப் பாம்பென்று நினைத்துக் கல்லை எடுத்துவிட்டார். அன்றைக்குக் கேப்டனும் நல்லவராகத்தான் இருந்தார். திரும்பும் வழியில் ஏரலில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார், பம்பாயிலிருந்து பழைய கப்பல் சிநேகிதர் குடும்பத்தோடு வருகிறார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைக் கடலில் விட்டுக் காட்ட வேண்டும் என்று.

எனக்குச் சுருக்கென்றது. குளத்துத் தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதற்குள் ரேடியோ அலை ஒரு சாண் போவதற்குள் அடங்கிவிடும். பொம்மை முங்கிய நொடியிலேயே கரையில் நிற்கிறவர் சொல்வது அதற்குக் கேட்காது. கல்லூரியில் படித்தது சரியாக நினைவிருக்கிறதா என்று மனதுக்குள் இரண்டு முறை பார்த்துக்கொண்டுதான் வாய் திறந்தேன். கடலில் விடத்தான் வேண்டுமென்றால் நீளமான வயர் ஒன்றைத் தக்கையில் கட்டி மேலே மிதக்க விடலாம், அது அலையைப் பிடித்து உள்ளே கொடுக்கும் என்றும் சொன்னேன். கேப்டன் டீயை ஆற்றிக்கொண்டே என் கணவரைப் பார்த்தார். "ஒம் பொண்டாட்டி நாப்பது வருசம் கடல்ல கெடந்தவ பாரு. வால் வச்ச சப்மரீன எந்த ஊர்லலே பாத்தா?" கடைக்காரர் சிரித்தார். என் கணவர் மேஜைக்கடியில் என் காலை லேசாக மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மிதிக்கு நான் ஏன் கட்டுப்பட்டேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். வீடு அவருடையது, வேலை அவருடையது என்பது ஒரு பதில். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தே பழகிவிட்டேன் என்பது இன்னொரு பதில். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு மூன்று நாள் சளி. மூக்கடைப்பில் மாதா கோவில் பூசைக்குக்கூட வரவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, இருவரும் படகுத்துறைக்குப் போனோம். பம்பாய்க்காரரும் அவர் மனைவியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் தண்ணீர் கனம் கூடியது, அதில் பொம்மை அதிகமாக மிதக்கும். அதற்காக வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை அளந்து வைத்திருந்தேன். எங்காவது நின்றுபோனாலும் அது தானாக மேலே வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. கேப்டன் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "கெத்தா முங்க வேண்டாமா?" என்று இன்னும் இரண்டு குண்டைத் திணித்தார். பிறகு தண்ணீரில் விட்டார். பத்தடி ஓடியது, அழகாகத் திரும்பியது, விருந்தாளிகள் கை தட்டினார்கள். முங்கியது. அவ்வளவுதான். கேப்டன் கருவியில் குச்சியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார். கடல் அதுபாட்டுக்குக் கிடந்தது.

"ஏலே, எறங்கி எடு" என்றார்.

என் மாமனார் முத்துக்குளித்தவர். என் கணவரும் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருடம் சங்குக்கு முங்கியவர். அந்த வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சளி பிடித்தவன் கடலில் இறங்கமாட்டான். மூக்கும் காதும் அடைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால் தண்ணீர் காதை உடைத்துவிடும். "மூக்கடச்சிருக்கு கேப்டன். நாளைக்குச் சங்குக்காரன் எவனயாவது கூட்டியாரேன்" என்றார். கேப்டன் விருந்தாளிகளைத் திரும்பிப் பார்த்தார். "முத்துக்குளிச்சவன் மவனாம். நாலு பாகத்துல கெடக்க பொம்மைய எடுக்கதுக்கு மூக்கச் சாக்கு சொல்லுதான்." நாலு பாகமென்றால் நாலு ஆள் ஆழம். அந்த அம்மாள் சிரித்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் அவர் இறங்கியிருக்கமாட்டார். இதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். எனக்கு அப்போது மார்பில் பால் கட்டியிருந்தது, குழந்தை பசியில் அழுமே என்று மனம் அங்கேயே இருந்தது. "எடுத்துக் குடுத்துருங்களேன், சீக்கிரம் வீட்டுக்குப் போவலாம்" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

முங்குகிறவனின் கயிற்றை எங்கள் பக்கம் யாரும் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் கழுத்துத் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். என் தம்பி அப்போது கப்பலில் இருந்தான். "கயிறு யாரு பிடிப்பா?" என்று என் கணவர் கேட்டார். "நான் பிடிக்கேன்லே. கப்பலையே கட்டி இழுத்தவன் நான்" என்றார் கேப்டன். இடுப்பில் கயிற்றைக் கட்டி, கனத்துக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு என் கணவர் இறங்கினார். இரண்டு தடவை வெறுங்கையோடு எழும்பி வந்தார். மூன்றாம் தடவை போனபோது கேப்டன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அந்த அம்மாளுக்கு நீர்மூழ்கிக்குள் இருக்கிறவர்கள் எப்படி வெளியே பார்ப்பார்கள் என்று விளக்கத் தொடங்கியிருந்தார். கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்ததை நான் பார்த்தேன். இரண்டு இழுப்பு என்றால் தூக்கு என்று பொருள். கேப்டன் முகத்தைத் திருப்பாமலே, "கயிறு கேக்கான்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். மறுபடியும் இரண்டு. மறுபடியும் விட்டார். நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், துறையில் நின்ற இரண்டு பேர் வந்து கூட இழுத்தார்கள். என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று.

அவர் மேலே வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காது உடைந்ததும் தலை சுற்றி, எது மேல், எது கீழ் என்று தெரியவில்லையாம். அந்த நிலையிலும் பொம்மையை அக்குளில் இடுக்கி வைத்திருந்தார். அதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கேப்டன் குனிந்தார். அவரைத்தான் தொடப்போகிறார் என்று நினைத்தேன். பொம்மையை உருவி எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "உள்ள தண்ணி போகல" என்றார். ஆமாம், போகவில்லை. நான் ஊற்றிய மெழுகு அப்படியே இருந்தது.

ஒரு மாதம் காய்ச்சலும் சீழுமாகப் போனது. பிறகு இடது காது கேட்கவே இல்லை. கேப்டன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூடக் கயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கதையில் நீர்மூழ்கி தொலைகிறது, என் கணவர் பாய்ந்து எடுக்கிறார், எல்லோரும் கை தட்டுகிறார்கள். காது வராது. நானும் வரமாட்டேன். அருகிலேயே நின்று என் கணவரும் சிரிப்பார். சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்று அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. வயதானவரைப் பற்றி இப்படி எழுதலாமா, கடல் செய்ததற்கு மனிதர்மேல் பழி போடுகிறேனா என்று பேனாவைப் பலமுறை கீழே வைத்தேன். கடல் என்னவோ சரியாகத்தான் நடந்துகொண்டது. உப்புத் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

போன வாரம் கேப்டன் மறுபடியும் வந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தவளுக்கு இப்போது நான்கு வயது நடக்கிறது. கேப்டன் கையில் முன்னதைவிடப் பெரிய பெட்டி. முற்றத்தில் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த என் கணவருக்கு இடப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசினார். "ஒரு வெளிநாட்டுப் பொஸ்தகத்துல பாத்தேம்லே. உப்புத் தண்ணிக்குள்ள அல போகாதாம். நீளமா ஒரு வயர மெதக்க விட்டாச் சரியாப் போயிருமாம். நமக்கு இது தோணாமப் போச்சு பாரு." என் கணவர் தலையை ஆட்டினார். "அடுத்த மாசம் கடல்ல விட்டுருவோம். ஏதாவது ஆச்சுன்னா எறங்கி எடுக்க நீ இருக்கே." அதற்கும் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து யார் எது சொன்னாலும் அவர் தலையை ஆட்டிவிடுகிறார். இத்தனை வருடமும் ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

நான் படியிறங்கிப் போய்ப் பெட்டியை எடுத்துக் கேப்டன் மடியில் வைத்தேன். "அவுகளுக்கு நீங்க சொன்னது ஒண்ணும் கேக்கல கேப்டன். எனக்குக் கேட்டுச்சு. முடியாது."

"என்னளா பி.எஸ்ஸி..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. இந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், வேலையும் போகலாம். அதையெல்லாம் அன்றிரவே நினைத்து நினைத்துப் பயந்தாயிற்று. ஆனால் அந்த நிமிடத்தில் பயம் வரவில்லை.

என் கணவர் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார். "என்னளா சொன்னாரு?" என்று கேட்டார். நான் சுற்றிப் போய் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஏரல் டீக்கடையில் பாதியில் விட்டதிலிருந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வரைக்கும், எல்லாவற்றையும் சத்தமாகவே சொன்னேன்.