சிறுகுறிஞ்சா என்று எழுதி வைத்தேன்

சென்ற சனிக்கிழமை முற்பகல், என் தந்தையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பதறாதீர்கள். இதை எழுதும்போது அவர் அடுத்த அறையில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த அரைமணி நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தொடக்கம் சென்ற மாரியில். பருத்தித்துறையில் என் தோழி நிலானியின் வீட்டு வேலியில் சிறுகுறிஞ்சா படர்ந்திருந்தது. எருக்கின் உறவுக்காரக் கொடி அது. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, நல்லது என்று நம் ஊரில் அறியாதவர் யார்? அப்பாவுக்கு அந்த வருத்தம் வந்து ஆறு வருடம். கொக்குவிலில் எங்கள் மதிலோரம் ஒரு கொடியை வளர்த்தால் என்ன என்று தோன்றியது.

சிக்கல் ஒன்று இருந்தது. அதே வேலியில் நச்சறுப்பானும் பின்னிக் கிடந்தது. அதுவும் எருக்கின் உறவுதான். அதே போல எதிரெதிராக இலைகள். அதே போலக் கொம்பு கொம்பாகக் காய்கள். முற்றி வெடித்தால் அதே பஞ்சு. பூத்திருந்தால் பிரித்துவிடலாம் – சிறுகுறிஞ்சாவின் பூ மிளகளவு மஞ்சள், நச்சறுப்பானின் பூ சற்றுப் பெரிது, உள்ளே ஊதாச் சாயல். அன்று இரண்டிலும் ஒரு பூக்கூட இல்லை.

"தூணோடை ஏறி நிக்கிறதை வெட்டு பிள்ளை. மற்றதைத் தொடாதை, குடலைப் பிரட்டிப்போடும்," என்று நிலானியின் அம்மா குசினி யன்னலிலிருந்து சொன்னார்.

தூணோடு நின்றதைத்தான் வெட்டினேன். ஆனால் இரண்டும் முறுக்கிக் கிடந்த இடத்தில் வெட்டினேன். மழை தூறியது; பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஈரக் கடதாசியில் சுற்றிய தண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நெல்லியடியைத் தாண்டியபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நான் வெட்டியது எதை?

நான்கு கணு கொண்ட தண்டுகள் மூன்று. இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போக, செம்மண்ணும் உக்கிய எருவும் கலந்து நட்டேன். ஒன்றுதான் பிழைத்தது. மதிலில் கம்பிவலை கட்டி ஏற்றிவிட்டேன். ஐஸ்கிறீம் மூடி ஒன்றில் தெளிவான எழுத்தில் 'சிறுகுறிஞ்சா' என்று எழுதிக் கட்டியும் விட்டேன்.

பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம். போடவில்லை. எதையும் திருத்தமாகச் செய்பவள் என்று வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. அதற்காக ஒரு கேள்விக்குறியை விழுங்கிவிட்டேன்.

சோதிக்க வழி இல்லாமலும் இல்லை. சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் இனிக்காது. வெறும் மண்ணாகக் கிடக்கும். ஓர் இலை போதும். நான் மெல்லவில்லை. மற்றதாக இருந்துவிட்டால்...? பூக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்பாவிடம் "பூக்கிற வரைக்கும் தொடாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை புரட்டாதிச் சனி, அப்பா விரதம். வழக்கம்போலச் சீனியைக் குறைக்கும் காலைக் குளிசையைப் போட்டார். தண்ணீரோடு விழுங்குவது சாப்பாடாகுமா என்பது அவருடைய நியாயம். கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தவர், நேரே மதிலடிக்குப் போயிருக்கிறார். நான் உடுப்புக் காயப்போட வந்தபோது எதையோ மென்றுகொண்டு நின்றார்.

"என்னப்பா சாப்பிடுறியள்?"

"உன்ரை குறிஞ்சாதான். ஏழெட்டு இலை. நல்ல கைப்பு."

"பூக்கட்டும் எண்டு சொன்னனானல்லோ?"

"நான் இலையைத்தானே பிள்ளை தின்னுறன். பூவை நீ வைச்சிரு."

சிரிக்க முடியவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால்மணி நேரம் போயிருக்காது, கதிரையில் சரிந்தார். நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. விரல்கள் நடுங்கின. ஏதோ சொல்ல வந்தார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"சீனி இறங்கீட்டுது போலை. சீனித் தண்ணி கரைக்கிறன்," என்று அம்மா குசினிக்கு ஓடினார்.

"இல்லையம்மா. அது நச்சுக்கொடியாயிருக்கும். சத்தி எடுக்க வைக்கோணும்."

"என்ன நச்சுக்கொடி? நீதானே பேர் எழுதிக் கட்டினனீ?"

வாந்தியெடுக்க வைக்க நான் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தேன். பக்கத்தில் அம்மா சீனியைக் கரைத்தார். இரண்டு தம்ளர்கள், இரண்டு பேர்... ஒரு மனிதர்.

அம்மாதான் முந்தினார். அப்பா ஒரு மிடறு வாயில் வாங்கி, அப்படியே துப்பினார்.

"என்னத்தைத் தாறீர்... மண்."

அம்மா தம்ளரை வாங்கித் தன் நாக்கில் ஊற்றிப் பார்த்தார். "நாலு கரண்டி போட்டனான். தித்திக்குது."

மண்.

என் கையிலிருந்த உப்புத் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. சீனியை மண்ணாக்குவது சிறுகுறிஞ்சா. அப்படியானால் இது நஞ்சல்ல. அம்மா சொன்னதுதான் – வெறும் வயிற்றில் குளிசை, அதற்கு மேல் இந்த இலை. சீனி கீழே போய்க்கொண்டிருக்கிறது. நான் முந்தியிருந்தால், இருந்த கொஞ்சத்தையும் வாந்தியெடுக்க வைத்திருப்பேன்.

உப்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

"மண்ணெண்டே நினைச்சுக் குடியுங்கோ அப்பா."

"விரதம்..."

"முறியட்டும்," என்றார் அம்மா. அப்பாவின் நாடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பாதி வேட்டியில் போயிற்று. மீதியை மிடறு மிடறாக எண்ணினேன். ஓட்டோ வந்து நின்றபோது அப்பா நிமிர்ந்து, "என்ரை மற்றச் செருப்பு எங்கை?" என்று கேட்டார். இலக்கியம் படிக்கிற எனக்கு, இத்தனை வருடத்தில் அவ்வளவு அழகான ஒரு வாக்கியம் எதிர்ப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர். "குளிசையைப் போட்டிட்டு ஏன் ஐயா சாப்பிடேல்லை?"

"விரதம் டொக்டர்."

"அப்ப குளிசையும் விரதமிருந்திருக்கலாமோ எண்டு முதல்லை வந்து கேட்டிருக்கலாமே." என் பக்கம் திரும்பினார். "இலையும் சும்மா இலையில்லைத் தங்கச்சி. குளிசையோடை சேர்ந்தால் எவ்வளவு இறக்குமெண்டு ஒருத்தராலும் அளந்து சொல்லேலாது."

அன்று பின்னேரம், கட்டிலோரம் நின்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: வேலியை, மழையை, எழுதாமல் விட்ட கேள்விக்குறியை.

"அப்ப நீ வாயிலை வைக்கப் பயந்ததையோ எனக்குப் பேர் எழுதி வைச்சனீ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பத்து மாதமாகப் பிழையான செடிக்குப் பயந்துகொண்டிருந்தேன். சரியான செடிக்கும் பயப்பட வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பெயர் தெரிந்துவிட்டால் குணமும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். மருந்துக்கு அளவு கேட்கிறோம். மதிலோரத்துக் கொடியிடம் யார் கேட்கிறோம்?

திங்கட்கிழமை காலை படலையில் யாரோ தட்டினார்கள். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த மூன்று பேர். மூவருக்கும் சீனி வருத்தம். மூவரும் குளிசை போடுகிறவர்கள்.

"பிள்ளை, உந்தக் கொடியிலை எங்களுக்கும் ஆளுக்கொரு தண்டு தாரும்."

நான் படலையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன் – வியர்வை, நடுக்கம், ஓட்டோ, ஆஸ்பத்திரி. மிகக் கவனமாகக் கேட்டார்கள். நடுவில் நின்றவர் தலையை ஆட்டினார்.

"ஓம் பிள்ளை, அதைக் கேள்விப்பட்டுத்தானே வந்தனாங்கள்."