கலிங்கு வழிந்த நாள்

மழை கொஞ்சம் வலுத்தால் உங்கள் அக்கா கதவோரம் போய் உட்கார்ந்துகொள்கிறாள், கூப்பிட்டாலும் வருவதில்லை. ஏன் என்று நீங்கள் இருவரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். நானும் ஏதேதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவன், கோவையாக எழுத வராது. ஆனால் நடந்ததில் என் தப்பும் இருக்கிறது. அதை அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

நீலகிரி மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்து கோயமுத்தூரில் மில்கள் பெருகிய காலம் அது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நான் நூல் நூற்கும் மிஷினில் இருந்தேன். குளத்துக்கும் நொய்யலாற்றுக்கும் நடுவே பள்ளமான இடத்தில், என்னைப் போன்ற மில்காரர்கள் மண்சுவர் வைத்து ஓலை போட்டுக் குடியிருந்தோம். அது வெள்ளம் பாயும் தரை என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு என்ன இருந்தது? ஆற்றில் பாதி வருஷம் மணல்தான். குளம் வெடித்துக் கிடக்கும். கிணறு வெட்டினால் பாறைக்கு வெடி வைத்துத்தான் தண்ணீர் பார்க்க வேண்டும். இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் கும்பிடத் தெரியும், பயப்படத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரன் என்னோடு ஒரே மிஷினில் வேலை செய்தவன். அவன் சம்சாரம் கொடுமுடிப் பக்கம், காவேரிக் கரையில் பிறந்தவள். பிள்ளை கிடையாது. வாய் கொஞ்சம் அதிகம் என்று தெருவில் பேர். உங்கள் அக்காவுக்கு அப்போது ஆறு வயது. தலைக்கு எண்ணெய் வைக்க அவளிடம்தான் ஓடுவாள், அத்தை அத்தை என்று.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நாலாம் நாள் காலை மழை வெறித்திருந்தது. குளம் நிரம்பிக் கலிங்கு வழிகிறது என்றார்கள். மிஞ்சின தண்ணீர் வெளியே போகக் கரையின் கோடியில் கட்டிய கல்கட்டுதான் கலிங்கு. நான் அங்கே குடிவந்த நாளாக அதன்மேல் ஆடு படுத்துத்தான் பார்த்திருக்கிறேன். குளம் வழிந்தால் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தெருவே குளித்துப் புறப்பட்டது.

பக்கத்து வீட்டு அம்மணி மட்டும் விடியவே வாய்க்காலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மில்லுக்குக் கிளம்பிய என்னை மறித்தாள்.

“ஏனுங்கண்ணா, தண்ணி செவச்செவன்னு வருது. நுரையோட கூரை ஓலையெல்லாம் மெதந்து வருதுங்க. மேல எங்கியோ எவனோ ஊட்டைப் பறிகொடுத்திருக்கறான். புள்ளைகளைக் கூட்டீட்டு மேட்டுக்குப் போயிரலாமுங்க.”

“ஏன் அம்மணி, உங்கூர்ல தண்ணியக் கண்டா ஓட்டம் புடிப்பீங்களா? கும்புட மாட்டீங்களா?” என்றேன்.

“கும்புடாம என்னுங்க? மொதல்ல மாட்டை அவுத்து உட்டுப்போட்டு, அப்பறந்தான் கும்புடுவோம்.”

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “காவேரித் தண்ணி குடிச்சு வளந்தவளுக்கு இந்தக் குட்டையக் கண்டு பயமாமா!” என்று ஒருத்தி குத்தினாள். அவள் புருஷனும், “ஊரே சந்தோசமா இருக்கறப்ப அபசகுனமாப் பேசாத, உள்ள போ” என்றான்.

உங்கள் அம்மா தயங்கினாள். “ஏனுங்க, நான் போகட்டுமாங்க?”

“போயிட்டு வா. புள்ளையையும் கூட்டீட்டுப் போ. இனி எந்த வருசம் வழியுதோ” என்று சொன்னவன் நான்தான்.

பெரியவனே, நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். பக்கத்து வீட்டு அம்மணி போகாததால் அவளிடம் உன்னை ஒப்படைத்துவிட்டு, அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா போனாள்.

முற்பகலில் மில் சங்கு நேரம் தப்பி ஊதியது. மேலேயுள்ள ஒரு குளம் உடைந்து, அந்தத் தண்ணீர் முழுக்க எங்கள் குளத்துக்கு வந்துவிட்டது என்றார்கள். ஓடினோம். மேட்டு ரோட்டில் நின்று பார்த்தால் எங்கள் தெரு இல்லை. செம்மண் தண்ணீரும், அங்கங்கே கூரை முகடும்தான்.

ரோட்டோரக் கூட்டத்தில் உங்கள் அம்மா இருந்தாள். உள்ளங்கையில் மஞ்சள் அப்படியே இருந்தது. இடுப்பில் நீ. அக்கா இல்லை.

கலிங்கில் தண்ணீர் எகிறியதும் பெண்கள் மேட்டுக்கு ஓடாமல் பள்ளத்துக்கு, வீட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். தொட்டில் நினைப்பில் அம்மாவும் ஓடியிருக்கிறாள். நெரிசலில் அக்காவின் கை நழுவிவிட்டது. பாதி வழியில், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மணி எதிரே ஏறி வந்திருக்கிறாள். “பொண்ணு எங்கீங்க?” என்று கேட்டாளாம். அம்மா பள்ளத்தில் ஓடும் கூட்டத்தைக் கை காட்டினாளாம். உன்னை அம்மா கையில் திணித்து, “நீங்க மேல ஏறுங்க, நான் பாத்துக் கூட்டியாறேன்” என்று அவள் திரும்பப் பள்ளத்தில் இறங்கிவிட்டாள்.

எங்களுக்கு நீச்சல் கிணற்றில் பழகியது. நிற்கிற தண்ணீரில் குதிக்கலாம். ஓடுகிற தண்ணீரில் அது ஒன்றுக்கும் ஆகாது. அவளுடைய புருஷன் இரண்டு தரம் இறங்கினான், இரண்டு தரமும் இழுத்துப் போட்டோம். ஊரில் ஓடமோ பரிசலோ ஏது? பிறகு ஒரு தோட்டத்துக்காரர் கரும்புப்பால் காய்ச்சும் பெரிய இரும்புக் கொப்பரையை வண்டியில் கொண்டுவந்தார். அதில் மூங்கிலை ஊன்றிக்கொண்டு அவரும் ஒரு பண்ணையாளும் போனார்கள். அவளுடைய புருஷனும் ஏறிக்கொண்டான். எனக்கு இடமில்லை. இருந்திருந்தால் ஏறியிருப்பேனா என்று இன்றைக்கும் தெரியாது.

பொழுது சாய்வதற்குள் கொப்பரை திரும்பியது. அவன் மடியில் உங்கள் அக்கா இருந்தாள். உடம்பெல்லாம் முள் கீறல். வேலமரக் கிளையோடு, கிழித்த பாதிச் சேலையால் கட்டப்பட்டு இருந்தாளாம். கட்டினவள் அங்கே இல்லை. அவன் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மறுபடி கொப்பரையில் போய் உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் ஆற்றோரக் கோரைப் புல்லில் அம்மணியின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து அவன் அங்கே வந்தான். அவன் கண்ணில் படாமல் ஒதுங்கியே இருந்த என்னால் அன்றைக்கு எழுந்து போக முடியவில்லை. அவன் நேரே வந்து உங்கள் அக்காவுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.

“கண்ணு, அத்தை உன்னைக் கட்டிப்போட்டு என்ன சொன்னா?”

அவள் எங்களைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள்.

“அழுவாதடி, வாயத் தொறந்தா தண்ணி உள்ள போயிரும்னாங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் உங்களைத் திட்டுனாங்க மாமா.”

“என்னன்னு கண்ணு?”

“அந்த மனுசன் நான் சொன்ன பேச்சை ஒரு நாளாச்சும் கேட்டிருக்கறானான்னு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவளேதான். சாவற நேரத்திலயும் அவளேதான்” என்றான். சிரிப்பு நிற்பதற்குள் முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டான். பிறகு அப்படியே என்னிடம், “கொடுமுடிக்குப் போறனுங்க. அவங்கம்மா கேட்டா என்னன்னு சொல்றதுங்க?” என்றான்.

‘நானும் வாரேன், சிரிச்சது நானும்தான்னு சொல்றேன்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இடிந்த வீட்டுக்குச் சுவர் வைக்க வேண்டும், மில்லில் லீவு தரமாட்டார்கள் என்று மனசுக்குள் காரணம் தேடிக்கொண்டேன். அவன் தனியாகத்தான் போனான். திரும்பி வரவில்லை.