துண்டுக்கடியில் ஐந்து மில்லி

எரியோடு சின்னக்கண்ணு மாட்டுத் தரகர். அறுபத்திரண்டு வயதாகியும் வாயால் பேசி முடித்த எதையும் அவர் நம்பியதில்லை. மாட்டுச் சந்தையில் விலை பேசுவதுபோலத் துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலைத் தொட்டு, அழுத்திச் சொன்னால்தான் அவருக்கு அது பேச்சு. மகள் கல்யாணத் தேதியைக்கூடச் சம்பந்தியிடம் அப்படித்தான் முடித்தார். சம்பந்தி பாவம், பள்ளிக்கூட வாத்தியார். விரல் கணக்குப் புரியாமல் ஒரு மாதம் முந்திய தேதிக்கே தலையாட்டிவிட்டு மண்டபத்துக்கு நாயாய் அலைந்தார்.

அந்தச் சின்னக்கண்ணுவுக்கு இதயம் தாளம் தப்பிவிட்டது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் நாலு ரத்தக்குழாய்களின் வாயிலும் பலூனை வைத்துக் குளிரால் உறையவைத்தால் சரியாகும் என்றார் திண்டுக்கல் டாக்டர் கௌசல்யா. பலூன் வாயை இறுக்கி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே பார்ப்பது வழக்கம்.

சாயம் என்றதும் சின்னக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வருஷம் வேறு ஊரில் ஆஞ்சியோ பார்த்தபோது ஏற்றிய சாயத்தில், ஏற்கெனவே சர்க்கரையால் நொந்துபோயிருந்த சிறுநீரகம் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

"வழக்கமா எம்புட்டு ஏத்துவீங்க?"

"அறுபது, எழுபது மில்லி ஆகும் ஐயா. உங்களுக்கு அப்படி வேணாம். இதயத்துக்குள்ளயே சின்ன ஸ்கேன் குழாய் விட்டுப் பாத்துக்கலாம். சாயமும் எக்ஸ்ரேயும் ரொம்பக் குறைஞ்சிரும்."

"குறையும்னு மொட்டையாச் சொன்னா எப்புடி டாக்டரம்மா? கையக் குடுங்க."

மேசைமேல் துண்டு விழுந்தது. டாக்டர் திருதிருவென விழித்தார். நல்லவேளை, பக்கத்தில் நின்ற நர்ஸ் டெய்சி மாட்டு வியாபாரி சூசைமுத்துவின் மகள். டாக்டர் காதில் சொல்லச் சொல்ல, டெய்சி துண்டுக்குள் கைவிட்டாள். இருபதில் ஆரம்பித்த பேரம் ஐந்தில் படிந்தது. மருத்துவம் படித்த காலத்தில் யாரும் தனக்கு இதைச் சொல்லித் தரவில்லையே என்று டாக்டர் வாய்விட்டே சொன்னார்.

சின்னக்கண்ணு விடவில்லை. "இன்னொண்ணு. நீங்க அம்புட்டுப் பேரும் எக்ஸ்ரே மேல படாம ஈயக் கோட்ட மாட்டிக்கிட்டு நிப்பீங்க, நான் மட்டும் அம்மணமாப் படுத்துக் கெடக்கணுமா? முட்டாத மாடுன்னு சொல்லிட்டு வேலிக்கு அங்கிட்டு நிக்கிறவன்கிட்ட நான் மாடு வாங்குவனா?"

"எக்ஸ்ரே போடாத வரைக்கும் யாரும் கோட்டு போட மாட்டோம்" என்றார் டாக்டர். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோட்டைச் சுமந்து முதுகு போன டெக்னீஷியன் சின்னக்கண்ணுவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சிகிச்சையன்று அரைத்தூக்க மருந்து கொடுத்தார்கள். மூன்று வாய்கள் சாயமே இல்லாமல் ஸ்கேனிலேயே முடிந்தன. நாலாவது வாய் மக்கர் செய்தது. ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை.

"பத்து மில்லி இல்லாம ஆகாது" என்றார் டாக்டர். "பேசினது அஞ்சு. டெய்சி, ஐயாகிட்ட கேளு."

பச்சைத் துணிக்கடியில் டெய்சி அவர் கையைத் தேடிப் பிடித்து, ஐந்து விரலையும் இரண்டு தரம் அழுத்தினாள். கண் செருகிக் கிடந்தவரின் விரல்கள் விழித்துக்கொண்டன. ஒரு தரம் ஐந்தையும் அழுத்தின; மறுதரம் இரண்டை உதறிவிட்டு மூன்றை மட்டும் அழுத்தின.

"எட்டுக்கு வந்துட்டாரு டாக்டர்."

"சரி, எட்டுலயே பாக்குறேன்."

எல்லோரும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போனார்கள். டெய்சியால் போக முடியவில்லை. அவர் கை பிடியை விடவில்லை.

"பேரம் முடிஞ்சிருச்சு பெரியப்பா. கைய விடுங்க."

"முடிஞ்சிருச்சு தாயி. பயமா இருக்கு. செத்த நேரம் பிடிச்சுக்க."

நாற்பது வருஷத்தில் எந்தச் சந்தையிலும் அவர் சொல்லாத சொல் அது. டெய்சி அசையாமல் நின்றாள். அவரே முணுமுணுத்தார்: "நீ கோட்ட மாட்டிக்க தாயி. நான் ஒண்ணும் சொல்லல."

யாரோ ஈயக் கோட்டைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டிவிட்டார்கள். எக்ஸ்ரே ஏழு வினாடி எரிந்து அணைந்தது. நாலாவது வாயையும் பலூன் இறுக்கி அடைத்திருந்தது; அதையும் உறையவைத்தார்கள். இதயம் ஒழுங்காக அடித்தது.

அதை யாரும் கொண்டாடவில்லை; அந்த எட்டு மில்லியைச் சிறுநீரகம் தாங்கியதா என்று தெரியவேண்டியிருந்தது. வார்டில் அவர் மனைவி மணிமேகலை, கட்டிலில் தொங்கிய மூத்திரப்பையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று. சொட்டு இல்லை. நான்கு. டெய்சி வந்து நின்றாள். டாக்டர் வந்தார். முதுகு போன டெக்னீஷியனும் வந்து குனிய முடியாமல் குனிந்தார். நாலு பெரிய மனிதர்கள் ஒரு காலிப் பையைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றார்கள். சின்னக்கண்ணு மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வந்திருச்சா?" என்று கேட்டபடியே இருந்தார்.

நாலே காலுக்குக் குழாயில் மஞ்சளாய் ஒரு கோடு இறங்கியது. பிறகு நிற்கவே இல்லை.

மணிமேகலை பையை உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தாள். "சூடா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.