அப்பா மாற்றிச் சொன்ன கதை

நேற்று எங்கள் துவாரகா ஃபிளாட்டின் கூடத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தார். பதறாதீர்கள், அவர் போய் இருபது வருஷமாகிறது. இவர் தலைநகருக்கு வந்து முனிர்காவில் அறையெடுத்து அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மதுரைக்காரர். என் மகள் எடுக்கும் படத்தில் இவர்தான் என் அப்பா. பாதி நிஜம், பாதி நடிப்பு என்கிறாள். நிஜப் பாதி நான். கேமராவைக் கண்டால் மூக்கைச் சொறிகிற நிஜம்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. அப்பா நடமாடுகிற ஒரு துண்டுப் படம்கூட எங்களிடம் இல்லை. இருப்பதெல்லாம் ஆபீஸ் அடையாள அட்டைக்காக விறைத்துக்கொண்ட முகம். அவர் சிரிப்பதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.

சமோசா வாசனை என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸுக்கே இழுத்துக்கொண்டு போனது. அப்போது டிவியில் ஞாயிறு மதியம் விருது வாங்கிய மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழின் முறை வர மாசக்கணக்காகும். வந்த அன்று வீட்டில் கல்யாணக் களைதான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி சமோசாத் தட்டோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். அவருக்கு இந்தியில் கதை சொல்வது அப்பாவின் வேலை.

விருது வாங்கிய படமென்றால் யாராவது செத்தே தீர வேண்டுமே! ஒரு ஞாயிறு, கதாநாயகி இருமி இருமிக் கண்ணை மூடினாள். ஆன்ட்டிக்கு உதடு துடித்தது. அப்பா பதறிப்போய், "நஹி நஹி பெஹன்ஜி, சோ ரஹி ஹை!" என்றார். தூங்குகிறாளாம்! அடுத்த காட்சியில் பாடையே கட்டிவிட்டார்கள். அப்பா சளைக்கவில்லை. வீடு மாறுகிறார்கள், அசதியில் தூங்குபவளை எழுப்பாமல் கட்டிலோடு தூக்கிப் போகிறார்கள் என்று இந்தியில் அளந்தார். மாற்றல் உத்தரவு வந்து யாராவது சாமான் ஏற்றுவது எங்கள் குவார்ட்டர்ஸில் வாராவாரம் நடப்பதுதான். "அச்சா, டிரான்ஸ்ஃபர்!" என்று ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். ஆன்ட்டி கிளம்பியதும் அப்பா சிரித்தாரே ஒரு சிரிப்பு!

நேற்று எடுத்தது அதைத்தான்.

"தாத்தா எப்படிச் சிரிப்பாரு? ஜல்தி சொல்லும்மா, வெளிச்சம் போயிடும்" என்றாள் மகள்.

"தோளு குலுங்கும். சத்தமே வராது. கண்ணுல தண்ணி வந்துடும்."

"இப்பிடியாம்மா?" என்று மதுரைக்காரர் குலுங்கினார். ஒன்பதாவது டேக்கில் அச்சு அசலாக வந்துவிட்டது. இந்த முழங்கால்களோடு நான் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இன்று காலை பல் தேய்க்கும்போது, ஆசையாகக் கண்ணை மூடி அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். ஆன்ட்டி இருக்கிறார், அம்மா ஓடுகிறாள், நடுவில் தோள் குலுங்கச் சிரிப்பது மதுரைக்காரர். அந்தக் குவார்ட்டர்ஸை இடித்த பிறகும் கண்ணை மூடினால் எல்லாம் அப்படியே இருந்தது. இப்போது மூடி மூடித் திறக்கிறேன், அப்பா மட்டும் வரமாட்டேன் என்கிறார்.