யோரிகோ பார்த்த மொட்டைத் தலை

அந்த மலைக்கோயில் விடுதிகளில் குருவுக்கு வாழ்க்கைப்படுகிறவளுக்கு வேலை உண்டு, வீடு கிடையாது. குரு கண்ணை மூடிய பிறகு, பட்டத்துக்கு வர ஒரு மகன் இருந்தால் பிழைத்தாள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளமாட்டார்கள், தலைமை மடத்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வரும். யோரிகோவுக்கும் வந்தது. வருஷக் கடைசியில் புதுக் குரு குடும்பத்தோடு வருகிறார், ஆகவே தயவுசெய்து என்று அத்தனை பணிவாக எழுதியிருந்தது, அந்தப் பாழாய்ப்போன கடிதம்.

முப்பத்தெட்டு வருஷம்! பதினாறு அறைக்கும் படுக்கை விரித்து, மடித்து, விடியுமுன் எள் அரைத்து, தாழ்வாரத்தைத் துடைத்துத் துடைத்தே முழங்கால் போனவள் அவள். ஒரே மகன் எய்ஜுன் தலையை மழித்துத் தீட்சை வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். அவனோ ஒசாகாவில் லிஃப்ட் விற்கிறான். "நம்பிக்கை இல்லாத வேலைய எப்படிப்பா செய்வேன்" என்று அப்பாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவன். ஜூன் மாதம் அந்த அப்பாவின் காரியத்துக்கு வந்துபோனதோடு சரி, அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் அவனே போன் செய்தான்.

"ஒரு நாள் தங்கணும்மா. ரூம் இருக்கா?"

"உன் வீட்டுக்கு வர்றதுக்கு ரூம் கேக்குறியாடா? புத்தி கெட்டுப்போச்சா?"

"விருந்தாளி ரூமே குடும்மா. கோடியில இருக்குமே, அது."

சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான், அப்புறம் கம்பளிக் குல்லாயைக் கழற்றினான். உள்ளே மழமழவென்று மொட்டை. யோரிகோ அந்தத் தலையையே பார்த்தாள்.

ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீட்சைக்குத் துணிந்தவனை அங்கே யாரும் முந்திக்கொண்டு கேட்பதில்லை. விடிகாலைப் பூஜை முடிந்ததும் அவனே புத்தர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவள் புருஷனும் அப்படித்தான் சொன்னார். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, கூட வேலை செய்கிற ஒகினுவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"தலையப் பாத்தியா? அப்படியே பெரியவர் தலை! பின்னால அதே மேடு" என்றாள் ஒகினு.

"மெதுவாப் பேசுடி, அவன் காதுல விழப்போகுது."

"விழட்டுமே. நாளைக்குக் குருவாகி என்னத்தானே முதல்ல மிரட்டப்போறான்."

மகனிடம்தான் கேட்கக் கூடாது, ஊரிடம் சொல்லக் கூடாது என்று யார் சொன்னது? கோயில் குடிகளுக்குத் தலைவர் மரக்கடை உராகாமிக்குப் போன் போட்டாள். "மொட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான் ஐயா" என்றாள். அந்தப் பக்கம் கிழவர் மூக்கைச் சிந்துவது கேட்டது.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை அவளே தூக்கிக்கொண்டு போனாள். எள்ளுப்பாலை உறையவைத்த கட்டியை இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டான். "இதுக்காகத்தான் வந்தேம்மா. ஆனா இறங்கல." அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதே வாயைக் கட்ட ஆரம்பித்துவிட்டானாம்! மெலிந்திருக்கிறானே என்றால், துறவிக்குச் சதை எதற்காம்! அடிப் பாவி, பெற்ற பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது உன் கண்ணில் படவே இல்லையா?

காலைப் பூஜைக்குப் பக்கத்துக் கோயில் குரு வந்திருந்தார். எய்ஜுன் விருந்தாளிகளோடு கடைசி வரிசையில், ஹீட்டர் பக்கமாக உட்கார்ந்திருந்தான். மந்திரம் முடிந்தது, விருந்தாளிகள் சாப்பிடப் போனார்கள், குருவும் கிளம்பினார். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் காத்துக்கொண்டு நிற்கும்போதே உராகாமி நாலு பேரோடு உள்ளே வந்தார். கையில் நல்ல காரியத்துக்குச் செய்கிற சிவப்புப் பயற்றுச் சோறு. வந்த வேகத்தில் ஐந்து பேரும் எய்ஜுன் முன்னால் நெற்றி பாயில் படக் குனிந்தார்கள்.

"இளைய குருவே, எங்க வயித்துல பால வார்த்தீங்க!"

எய்ஜுன் அம்மாவைப் பார்த்தான். பிறகு அவனும் மரியாதைக்குக் குனிந்து எழுந்து, அவளை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அப்பாவின் காவி அங்கியை அவள் விரித்து வைத்திருந்தாள்.

"அளவு பாக்கலாம்டா. தோள்ல கொஞ்சம் பிடிக்கணும்."

"அம்மா, இது மழிச்சதில்ல. மருந்து ஏத்துனதுல கொட்டிப்போச்சு. என் புருவத்தப் பாரு."

பார்த்தாள். புருவம் இல்லை. எந்தத் துறவியும் புருவத்தை மழிப்பதில்லை.

"வயித்துல புத்து. அப்பா காரியத்தப்பவே எனக்குத் தெரியும். போன வாரம் மருந்தையும் நிறுத்திட்டாங்க, இனிமே பிரயோஜனம் இல்லையாம். ராத்திரி வாந்தி எடுக்குறது உனக்குக் கேக்க வேணாம்னுதான் கோடி ரூம் கேட்டேன்."

வீடு போகிறதே, வீடு போகிறதே என்று நாலு மாதமாக அழுதவளுக்கு, அந்த வீடு மண்ணாய்ப் போனால்தான் என்ன என்று இருந்தது. இவன் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்த நாளெல்லாம் அவள் போனில் தன் கூரையைப் பற்றியே புலம்பியிருக்கிறாள்.

"நான் போய் அவங்கள அனுப்பிட்டு வர்றேன்டா."

"வேணாம்மா. ஆசையாக் கொண்டுவந்திருக்காங்க, சாப்பிட்டுப் போகட்டும்." கொஞ்ச நேரம் அங்கியைத் தடவிக்கொண்டிருந்தான். "புதுசா வர்ற குரு எப்படி? நல்ல மாதிரியா?"

"அந்த ஆளப் பத்தி இப்ப என்னடா பேச்சு?"

"செத்தவனுக்கும் தலையில கத்திய வச்சு, தீட்சை குடுத்துத்தானே நாம அனுப்புறோம். எனக்கு அவர்தானே வைக்கணும்" என்று சிரித்தான். "மழிக்க ஒரு முடிகூட இல்லையேன்னு கோவிச்சுக்கப் போறாரு. நீ முன்னாலயே சொல்லி வச்சிரு."

யோரிகோ அந்தத் தலையை இரண்டு கையாலும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே உராகாமி, சோறு ஆறுகிறது, இளைய குருவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.